மஞ்சளும் மஞ்சட் குளிசையும்: குர்க்குமின் உடலிற் சேரும் வழி

சமையற்கட்டில் கறிக்கு இடப்படும் மஞ்சளும் மருந்துக் கடையில் போத்தலில் விற்கப்படும் மஞ்சட் குளிசையும் ஒரே கிழங்கிலிருந்து பிறந்தவை எனினும், உடலுக்குள் சென்ற பிறகு அவை ஒரே பொருளாக நடந்துகொள்வதில்லை. அம்மியில் அரைத்த மஞ்சளைப் பாட்டன் பூட்டன் காலம் முதல் உண்டு வந்த ஒரு சமூகம், அந்தப் பழக்கத்தின்மீது கொண்ட நம்பிக்கையை அப்படியே குளிசையின்மீதும் வைத்துவிடுவது இயல்பு. ஆனால், மஞ்சளின் சாரத்தை ஏற்காமல் தள்ளிவிடும் உடலின் இயல்பை முறியடிப்பதே குளிசை செய்வோரின் முயற்சி என்பதையும், அம்முயற்சி வெற்றி பெறப்பெறப் புதிய தீங்குகளும் தலைகாட்டுகின்றன என்பதையும் அறிந்த பின்னரே அந்த நம்பிக்கை குளிசைக்குப் பொருந்துமா என்று முடிவு செய்ய இயலும். ஊவாவின் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை மலைகளில் ஆண்டுக்கணக்காகக் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்தவர்களே இக்குளிசையால் ஓரளவு பயன் பெறக்கூடியவர்கள்; அவர்களுட் பலரே அதனால் தீங்குறக்கூடியவர்களும் ஆவர். ஆகவே இப்பொருள் இம்மலைகளில் சற்று விரிவாகவே பேசப்பட வேண்டியதாகிறது.

மஞ்சட் செடி இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் அதனைக் குர்க்குமா லொங்கா என அழைப்பர். கிழங்கைத் தோண்டி எடுத்து, வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, மேற்றோல் நீங்க உராய்த்து மெருகேற்றினால் கடையில் கிடைக்கும் விரலி மஞ்சள் ஆகிறது. அதன் எடையிற் பெரும்பகுதி மாப்பொருளே ஆகும். மணத்தைத் தருவது டர்மரோன் முதலியவை அடங்கிய எண்ணெய். நிறத்தைத் தருவது குர்க்குமினொயிட்டுகள் எனப்படும் பொருட்டொகுதி. இந்நிறப் பொருளை 1815ஆம் ஆண்டில் வோகல், பெல்லெட்டியே ஆகிய இருவர் பிரித்தெடுத்தனர். 1910இல் போலந்து நாட்டு வேதியியலாளர்களான மிலொபென்ட்ஸ்கா, கொஸ்தனெக்கி, லம்பே ஆகியோர் அதன் மூலக்கூற்று அமைப்பை வகுத்துக் காட்டினர். கடைகளில் குர்க்குமின் என்ற ஒரே பெயரில் விற்கப்படுவது உண்மையில் மூன்று நெருங்கிய உறவுடைய மூலக்கூறுகளின் கலவையாகும். அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குர்க்குமின், எஞ்சியவற்றுட் பெரும்பகுதி டிமெதொக்சி குர்க்குமின், மிகச் சிறிய பங்கு பிஸ்டிமெதொக்சி குர்க்குமின்.

சாதாரண மஞ்சட் தூளில் குர்க்குமின் ஏறத்தாழ 3 வீதமே உண்டு. ஒரு தேக்கரண்டித் தூளை 3 கிராம் எனக் கொண்டால் அதிலுள்ள குர்க்குமின் 90 மில்லிகிராம் அளவே. அந்த ஒரு தேக்கரண்டியையும் ஒரு குடும்பம் முழுவதும் பகிர்ந்தே உண்கிறது. 95 வீதம் செறிவூட்டப்பட்ட சாரம் என்று எழுதப்பட்ட 500 மில்லிகிராம் குளிசை ஒன்றிலோ 475 மில்லிகிராம் குர்க்குமினொயிட்டுகள் உள்ளன; அந்த அளவைத் தூளாக உண்பதானால் ஒருவர் ஒரே வேளையில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் விழுங்க வேண்டும். காலையும் மாலையும் ஒவ்வொரு குளிசை எடுப்பவர் நாளொன்றுக்குப் பத்துத் தேக்கரண்டி மஞ்சளின் சாரத்தை உட்கொள்கிறார். எந்தச் சமையலும் மனித உடலுக்கு இந்த அளவைப் பழக்கியதில்லை. உணவுச் சேர்க்கைகளை மதிப்பிடும் உலக உணவு விவசாய நிறுவனம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு நிபுணர் குழு, நாளாந்தம் உட்கொள்ளத்தக்க குர்க்குமினின் உச்ச அளவை உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 3 மில்லிகிராம் என வகுத்திருக்கிறது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு அது 180 மில்லிகிராம் ஆகும். உணவுக்கு நிறமூட்டும் தேவையைக் கருதி வகுக்கப்பட்ட எல்லை அதுவாயினும், ஒரே ஒரு குளிசையிலேயே அதன் இரண்டரை மடங்கு இருப்பது கவனிக்கத்தக்கது.

இவ்வளவு பெரிய அளவு ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்கான விடை உறிஞ்சலில் இருக்கிறது. உட்கொண்ட ஒரு பொருளில் எவ்வளவு பங்கு மாறாமல் குருதியோட்டத்தை அடைகிறது என்பதை மருந்தியலார் உயிர்க்கிடைப்பு என்பர். குர்க்குமினின் உயிர்க்கிடைப்பு மிக மிகக் குறைவானது. அதற்குக் காரணம் ஒன்றன்று. முதலாவதாக, குர்க்குமின் நீரிற் கரைவதில்லை. கொழுப்பிலும் மதுசாரத்திலுமே கரையும் ஒரு பொருள், நீர்த்தன்மையுள்ள குடற் சாற்றில் துகள்களாகவே மிதந்து செல்லும். இரண்டாவதாக, அமிலச் சூழலில் ஓரளவு நிலைத்து நிற்கும் அது காரத்தன்மை சிறிது ஏறியதுமே உடைந்துவிடுகிறது. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல் வெப்பநிலையில், குருதிக்கு நிகரான காரத்தன்மையுள்ள புரதமற்ற கரைசலில் இடப்பட்ட குர்க்குமினில் 90 வீதமளவு அரை மணி நேரத்துக்குள் சிதைந்து போனது. மூன்றாவது காரணமே மிகப் பெரியது. குடற் சுவரைக் கடக்கும் சிறு பங்கையும் அச்சுவரிலுள்ள நொதியங்களும் பின்னர் ஈரலின் நொதியங்களும் பற்றிக்கொண்டு, குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேற்றையோ அதனோடு இணைத்துவிடுகின்றன. மடுவத்தில் நிறுத்த கொழுந்துச் சாக்குச் சீட்டுக் கட்டி லொறியில் ஏற்றப்படுவதுபோல, இவ்விணைப்பைப் பெற்ற மூலக்கூறு நீரிற் கரையக்கூடியதாகிப் பித்தத்தின் வழியாகவும் சிறுநீரின் வழியாகவும் வெளியேற்றப்படுகிறது. சுவீடனில் 1978இல் எலிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்றில், வாய்வழி கொடுத்த குர்க்குமினின் நான்கில் மூன்று பங்கு மலத்தோடு வெளியேறியது; குருதியிற் காணப்பட்டது கணக்கில் எடுக்க முடியாத அளவே.

சமையல் இச்சிக்கலை ஓரளவே தணிக்கிறது. கொழுப்பிற் கரையும் பொருள் ஆதலால், தேங்காய்ப் பாலிலோ தாளித்த எண்ணெயிலோ கலந்த மஞ்சள் வெறும் நீரில் கலக்கிக் குடித்த மஞ்சளைவிட நன்றாகக் கரைந்து குடலைச் சேர வாய்ப்புண்டு. மறுபுறம் சூடு அதனை அழிக்கவும் செய்கிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு விதமாகச் சமைத்தபோது மஞ்சளிலுள்ள குர்க்குமினில் 27 முதல் 53 வீதம் வரை இழக்கப்பட்டது. மிகுதியான இழப்பு அமுக்கச் சட்டியில் பத்து நிமிடம் வேகவைத்தபோது ஏற்பட்டது.

குர்க்குமினை உடலுக்குள் நிறுத்தும் முயற்சியிற் பெரும் புகழ் பெற்றது மிளகே ஆகும். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்னும் பொருள், மேலே கூறப்பட்ட குளுக்குரோனிக் அமில இணைப்பைச் செய்யும் நொதியங்களைத் தடுத்து வைக்கும் ஆற்றலுடையது. பெங்களூர் சென் ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஷோபா என்பாரின் குழுவினர் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்க்குமினைத் தனியாக உட்கொண்டவர்களின் குருதியில் அது கண்டறிய முடியாத அளவிலோ மிக அற்பமாகவோ இருந்தது. அதே அளவோடு 20 மில்லிகிராம் பைப்பரினையும் சேர்த்துக் கொடுத்தபோது உயிர்க்கிடைப்பு 2000 வீதம் உயர்ந்ததாகக் கணக்கிடப்பட்டது. இன்று மஞ்சட் குளிசைப் போத்தல்களிற் பொறிக்கப்படும் இருபது மடங்கு என்னும் விளம்பரத்தின் ஊற்று இந்த ஒரே ஆய்வுதான். அதனை மூன்று குறிப்புகளோடு படிப்பதே முறையாகும். அந்த உயர்வு உட்கொண்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே காணப்பட்டு மறைந்தது. அதே ஆய்வில் எலிகளிடம் கிடைத்த உயர்வு 154 வீதம் மட்டுமே. ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான முகமது மஜீத், மஞ்சட் சாரத்தையும் பைப்பரினையும் விற்கும் சபின்சா நிறுவனத்தின் நிறுவுநர். இவற்றால் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்லத்தக்க ஓர் அளவை இருபதாற் பெருக்கினாலும் வரும் விடை சிறிய அளவே என்பதை வாங்குவோருக்கு எடுத்துச் சொல்லும் கடமை எந்த விளம்பரத்துக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

பசறையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலும், லுணுகலையைத் தாண்டிப் பிபிலை நோக்கி இறங்கும் வழியெங்கும் நிழல் மரங்களைப் பற்றிப் படர்ந்து நிற்கும் மிளகுக் கொடிகளை அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு செய்தி பயன்படும். மிளகில் பைப்பரின் ஏறத்தாழ 5 வீதம் இருப்பதாகக் கொண்டால், ஆய்விற் பயன்பட்ட 20 மில்லிகிராம் பைப்பரின் அரைக் கிராமுக்கும் குறைவான மிளகில் அடங்கிவிடும். அது ஒரு கிண்ணம் மிளகு ரசத்துக்கு மேற்பட்டதன்று. மஞ்சளும் மிளகும் சேர்ந்த ரசமோ பாலோ அருந்தும் வீட்டுப் பழக்கம் இந்தச் சேர்க்கையை எந்த ஆய்வுக்கும் முன்னரே கொண்டிருந்தது. ஆயினும் ரசத்தில் இருப்பது சில பத்து மில்லிகிராம் குர்க்குமின், குளிசையில் இருப்பது பல நூறு மில்லிகிராம். ரசத்தைக் காட்டிக் குளிசைக்குச் சான்றளிக்க இயலாது.

மிளகையும் விஞ்சும் வழிகளை நிறுவனங்கள் பின்னர் வகுத்துள்ளன. குர்க்குமினை லெசித்தின் என்னும் கொழுப்புப் பொருளோடு பிணைத்தது இத்தாலிய நிறுவனமொன்றின் மெரிவா; மஞ்சளின் சொந்த எண்ணெயையே அதன் சாரத்தோடு மீண்டும் கலந்தது கேரளத்தைச் சேர்ந்த அர்ஜுனா நிறுவனத்தின் பி.சி.எம்.-95, சவர்க்காரம் எண்ணெயைச் சூழ்ந்து நீரிற் கரைப்பதையொத்த நுண்துளிகளுக்குள் குர்க்குமினை அடைத்தது ஜெர்மனியில் உருவான நோவாசோல். இந்த நுண்துளி வடிவத்தை உட்கொண்டோரின் குருதியில் சாதாரணத் தூளைவிட 185 மடங்கு குர்க்குமின் காணப்பட்டதாக 2014ஆம் ஆண்டு ஆய்வொன்று கூறியது. இத்தகைய எண்களை மதிப்பிடும்போது எதனை அளந்தார்கள் என்று கேட்பது இன்றியமையாதது. பல ஆய்வுகளில் குருதி மாதிரியோடு ஒரு நொதியத்தைச் சேர்த்து, ஏற்கனவே குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைந்துவிட்ட மூலக்கூறுகளையெல்லாம் பிரித்துவிட்டு, மொத்தத்தையும் குர்க்குமின் எனக் கணக்கிட்டுள்ளனர். அதாவது உடல் ஏற்கனவே வெளியேற்ற ஆயத்தம் செய்த பொருளும் உறிஞ்சப்பட்ட மருந்தாகவே எண்ணப்பட்டுள்ளது. இணைப்புற்ற வடிவத்துக்குத் தனிக் குர்க்குமினின் ஆற்றல் இல்லை என்றே ஆய்வுகூடச் சோதனைகள் பெரும்பாலும் காட்டுகின்றன.

உறிஞ்சப்படாமை எல்லா நோய்க்கும் குறையாகிவிடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். குருதியை அடையாத குர்க்குமின் குடலிலேயே தங்குகிறது. நோயும் குடலிலேயே இருக்குமானால் மருந்து சேர வேண்டிய இடத்திலேயே சேர்ந்திருக்கிறது. ஜப்பானில் 2006இல் வெளியான ஆய்வில், பெருங்குடற் புண் அழற்சி தணிந்திருந்த 89 நோயாளர் வழக்கமான மருந்தோடு நாளொன்றுக்கு 2 கிராம் குர்க்குமினையோ, மருந்தற்ற போலிக் குளிசையையோ ஆறு மாதம் உட்கொண்டனர். இறுதிக் கணக்கில் எடுக்கப்பட்டவர்களுள், நோய் மீண்டும் கிளம்பியோர் குர்க்குமின் குழுவில் 43 பேரில் இருவர், மற்றக் குழுவில் 39 பேரில் எண்மர். தாய்லாந்தில் 206 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2023இல் வெளியான மற்றோர் ஆய்வில், புண் எதுவுமின்றி வரும் வயிற்றுப் பொருமலுக்கும் எரிவுக்கும் குர்க்குமின் தந்த நிவாரணம், ஒமெப்ரசோல் குளிசை தந்ததற்கு நிகராக இருந்தது. மஞ்சளுக்கு உண்மையான மருத்துவ எதிர்காலம் உண்டெனில் அது சமிபாட்டுத் தொகுதியிலேயே இருக்கிறது எனக் கருதுவதற்கு இவை போதிய காரணம் தருகின்றன.

ஆயினும் மலையகத்தில் இக்குளிசை பெரிதும் வாங்கப்படக்கூடியது முழங்கால் வலிக்கே ஆகும். மூட்டுத் தேய்வு என்பது எலும்பு முனைகளைப் போர்த்திருக்கும் குருத்தெலும்பு மெலிந்து, மூட்டு வீங்கி, அசையும்போதெல்லாம் வலிக்கும் நோய். முதுகிலே கூடை தொங்க, செங்குத்தான மலையில் ஒரு நாளில் எண்ணற்ற முறை ஏறி இறங்கும் பெண்ணின் முழங்கால் தாங்கும் பாரத்தை எண்ணிப் பார்த்தால், இந்நோய் அவர்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும். வலியினால் பெரட்டுக்குப் போகாத நாள் சம்பளமில்லாத நாளாகிறது. தாய்லாந்தில் 367 நோயாளரை நான்கு வாரம் கவனித்து 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சட் சாரம் எடுத்தவர்கள் 1200 மில்லிகிராம் இபுபுரோஃபென் எடுத்தவர்களுக்கு நிகரான நிவாரணம் பெற்றனர்; வயிற்று வலி முதலிய தொல்லைகள் மஞ்சட் குழுவினருக்குக் குறைவாயிருந்தன. அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் 70 பேரைக் கொண்டு பன்னிரண்டு வாரம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வும் வலி குறைந்ததை உறுதிப்படுத்தியது. ஆனால் மூட்டுக்குள் தேங்கிய நீரோ வீக்கமோ குறையவில்லை என்பதை ஸ்கேன் படங்கள் காட்டின. வலி தணிகிறது, தேய்வு நிற்பதில்லை என்பதே இவற்றிலிருந்து பெறத்தக்க நேர்மையான முடிவு. வயிற்றுப் புண்ணால் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தாங்க முடியாதவர்களுக்கு அந்த அளவு நிவாரணமும் பெரிதே.

மற்ற உரிமைக் கோரிக்கைகளிற் பலவற்றைச் சுருக்கமாகவே கடந்து செல்லலாம். நீரிழிவின் தொடக்க நிலையிலுள்ள 240 பேரிடம் தாய்லாந்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதத்தில் போலிக் குளிசைக் குழுவில் 16.4 வீதத்தினர் முழு நீரிழிவு நோயாளராயினர், குர்க்குமின் குழுவில் ஒருவரும் ஆகவில்லை. வியப்பூட்டும் இம்முடிவு வேறிடங்களிற் பெரிய அளவில் உறுதி பெற வேண்டியுள்ளது, அதுவரை எவரும் இதனை நம்பி நீரிழிவுக் குளிசையை நிறுத்தலாகாது. மறதி நோய்க்குச் செய்த சோதனை பயன் தரவில்லை. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மனிதரிடம் நிறுவப்படவில்லை. அத்துறையில் மிகுதியாக எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஒருவரின் இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஆய்விதழ்கள் மீளப்பெற்றுக்கொண்டதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மருந்து வேதியியலாளர்களான நெல்சன் குழுவினர் 2017இல் எழுதிய மதிப்பீட்டில், குர்க்குமின் ஆய்வுகூடச் சோதனைகளையே ஏமாற்றவல்ல மூலக்கூறு என்பதை விளக்கினர்: அது தானே ஒளிர்கிறது, உலோகங்களைப் பற்றிக்கொள்கிறது, புரதங்களோடு கண்டபடி வினை புரிகிறது, ஆகவே எந்த நோய்க்கான சோதனைக் குழாயில் இட்டாலும் வேலை செய்வதுபோலத் தோன்றுகிறது.

உலோகங்களைப் பற்றும் அந்த இயல்பு தோட்டப் பெண்களின் உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புறுகிறது. குர்க்குமின் குடலில் இரும்புச் சத்தைப் பிணைத்துக்கொள்ளும். இரும்புச் சத்து குறைந்த உணவுண்ட எலிகள் குர்க்குமினால் குருதிச்சோகை அடைந்தமை 2009இல் அறிவிக்கப்பட்டது. மூட்டுத் தேய்வுக்காக மிகுந்த அளவில் மஞ்சட் சாரம் உட்கொண்ட ஒருவர் குருதிச்சோகைக்கு ஆளாகி, அதனை நிறுத்தியதும் தேறிய செய்தி 2019இல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. தோட்டப் பெண்களிடையே குருதிச்சோகை நெடுங்காலமாக உள்ள குறை. உணவோடு அருந்தும் சாயத் தேநீரும் இரும்பு உறிஞ்சலைக் குறைப்பது. அதற்குமேல் நாளொன்றுக்கு ஆயிரம் மில்லிகிராம் குர்க்குமினும் சேருமானால், கிளினிக்கில் கொடுக்கும் இரும்புக் குளிசை யாருக்குப் பயன்படும்? கருவுற்ற பெண்கள் இக்குளிசையைத் தொடாதிருப்பதே நன்று. கறியிலுள்ள மஞ்சளுக்கு இந்தத் தடை இல்லை.

சிறுநீரகம் பற்றியும் ஊவாவில் தனியாகக் கூறவேண்டியுள்ளது. மஞ்சட் தூளில் ஒட்சலேற்று என்னும் உப்பு மிகுதி, நாளொன்றுக்கு 2.8 கிராம் மஞ்சளை நான்கு வாரம் உட்கொண்ட ஆரோக்கியமானவர்களின் சிறுநீரில் ஒட்சலேற்று உயர்ந்தமை 2008ஆம் ஆண்டு ஆய்வொன்றில் காணப்பட்டது. பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டை, மகியங்கனைப் பகுதிகள் காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோயால் பெரிதும் பாதிக்கப்பட்டவை. அந்நோய்க்கும் மஞ்சளுக்கும் தொடர்பிருப்பதாக அறியப்படவில்லை. ஆயினும் பழுதுற்ற சிறுநீரகத்தையோ சிறுநீர்க் கல்லையோ கொண்ட ஒருவர் முழுத் தூள் அடைத்த குளிசைகளை நாள்தோறும் உண்பது சுமைமேற் சுமை ஏற்றுவதாகும். பித்தப்பையை மஞ்சள் சுருங்கச் செய்வதால் பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மிளகு சேர்ந்த குளிசை இன்னொரு சிக்கலையும் உடன் கொண்டுவருகிறது. பைப்பரின் தடுக்கும் நொதியங்கள் குர்க்குமினுக்கென்று படைக்கப்பட்டவை அல்ல. ஏனைய மருந்துகளை உடைத்து வெளியேற்றுபவையும் அவைதாம். இதனை மருத்துவம் நன்மைக்கும் பயன்படுத்தியுள்ளது: இந்தியாவில் உருவான ரைசொரின் என்னும் காசநோய்க் குளிசையில் 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததால், வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசினை 200 மில்லிகிராமாகக் குறைக்க முடிந்தது. ஒரு மருந்தின் அளவைப் பாதிக்குமேற் குறைக்க வைக்கும் பொருள், வைத்தியர் அறியாமல் வேறொரு மருந்தோடு சேரும்போது என்ன செய்யும் என்பது எளிதில் விளங்கும். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பைப்பரின் ஒரு வாரம் உட்கொண்டவர்களிடம், இதயத்துக்கும் குருதி அமுக்கத்துக்கும் கொடுக்கப்படும் புரொப்ரனலோலும், இழுப்புக்குக் கொடுக்கப்படும் தியோஃபிலினும் குருதியில் உயர்ந்தமை 1991இலேயே அறியப்பட்டது. வலிப்புக்குரிய ஃபெனிற்றொயினுக்கும் இதுவே பொருந்தும். மார்புப் புற்றுநோய்க்கு டமொக்சிஃபென் எடுக்கும் பெண்களிடம், நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் 2019இல் வெளியான ஆய்வின்படி, குர்க்குமினும் பைப்பரினும் சேர்ந்தபோது அம்மருந்தின் செயற்படும் வடிவம் குருதியிற் குறைந்தது. குருதி உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்த ஒருவருக்கு, மஞ்சட் குளிசை தொடங்கிய சில வாரங்களில் உறைதலை அளக்கும் ஐ.என்.ஆர். எண் 10ஐத் தாண்டியமையை நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு நிறுவனம் 2018இல் அறிவித்தது. அந்நிலையில் உட்குருதிப் பெருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆரோக்கியமான எண்மரிடம் குறுகிய காலம் செய்து 2013இல் வெளியான சோதனையொன்றில், உடன் கொடுத்த மருந்துகளின் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் மாதக்கணக்காகப் பல மருந்துகள் எடுக்கும் முதியவருக்கு அந்தச் சோதனையிலிருந்து உறுதிமொழி பெற முடியாது. ஆகவே கிளினிக் கொப்பி வைத்திருக்கும் எவரும் இக்குளிசையின் பெயரையும் அதில் எழுதுவிக்க வேண்டும்.

எல்லாவற்றினும் கனதியானது ஈரற் பாதிப்பு. மருந்துகளால் நேரும் ஈரற் காயங்களைப் பதியும் அமெரிக்க ஆய்வு வலையமைப்பு, 2004 முதல் 2022 வரை தன்னிடம் பதிவானவற்றுள் மஞ்சளால் நேர்ந்த பத்துப் பேரின் விவரத்தை வெளியிட்டது; ஐவர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார், எழுவரிடம் எச்.எல்.ஏ.-பி 35:01 எனப்படும் ஒரே பரம்பரை அலகு வகை காணப்பட்டது. அவர்கள் உட்கொண்டவற்றுள் ஆராயப்பட்ட ஏழிலும் மஞ்சள் இருந்தது, மூன்றில் பைப்பரினும் இருந்தது. இத்தாலியில் 2019இல் இருபதுக்கு மேற்பட்டோர் ஈரல் அழற்சியுற்றதை அடுத்து, போத்தல்களில் எச்சரிக்கை அச்சிட அந்நாட்டு அரசு ஆணையிட்டது. பிரான்சின் உணவுப் பாதுகாப்பு முகமை 2022இல் பதினைந்து ஈரல் அழற்சி முறைப்பாடுகளைச் சுட்டியது. அவுஸ்திரேலியா 2023இல் 18 முறைப்பாடுகளை வெளியிட்டு எச்சரித்தது. உலகெங்கும் இக்குளிசை உண்போர் தொகையோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறிய எண்கள். ஆனால் கறியில் மஞ்சள் உண்ணும் கோடானுகோடி மக்களிடம் இத்தகைய நோய் அறியப்படவில்லை என்பதையும், உறிஞ்சலைக் கூட்டும் வடிவங்கள் பெருகிய காலத்தோடு முறைப்பாடுகளும் பெருகியுள்ளன என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, உடல் மஞ்சளைத் தள்ளிவிடும் இயல்பைப் பழுது எனக் கருதாமல் பாதுகாப்பு எனக் கருதுவதே பொருத்தமாகிறது.

பொருளின் தூய்மையும் இலங்கையில் தனிக் கவலைக்குரியது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் உள்நாட்டுச் செய்கையைக் காக்கவென்று மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இந்தியாவிலிருந்து வந்த மஞ்சளையே பெரிதும் நம்பியிருந்த சந்தையில் விலை பன்மடங்கு ஏறியது. இராமேஸ்வரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் படகுகளில் கடத்தப்பட்ட மூடைகள் பிடிபட்டன. கடைத் தூளில் அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்தன. மாக் கலப்படம் ஏமாற்று. ஈயக் கலப்படமோ நஞ்சு. பங்களாதேஷில் கிழங்கைப் பளபளக்கச் செய்ய லெட் குரோமேற்று என்னும் மஞ்சட் சாயத்தைப் பூசி வந்தமை 2019இல் அம்பலமானபோது சந்தை மாதிரிகளில் 47 வீதத்தில் ஈயம் இருந்தது. அரசு உறுதியாக நடவடிக்கை எடுத்ததும் 2021இல் அது இல்லாமற் போனது. வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாத இத்தகைய குற்றத்தை அரசின் பரிசோதனைக் கூடம் ஒன்றே தடுக்க வல்லது.

இவ்விடத்தில் பசறையிலிருந்து லுணுகலை வழியாகச் செல்லும் வீதி போய்ச் சேரும் பிபிலையில் 1920இல் பிறந்த பேராசிரியர் சேனக பிபிலையை நினைப்பது முறை. மருந்தியல் அறிஞரான அவர், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணராயிருந்து, மருந்தொன்று வணிகப் பெயரால் அன்றி அதன் மூலப் பெயரால் வாங்கப்பட வேண்டும், தேவை, பயன், பாதுகாப்பு, விலை ஆகியன பார்த்தே நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்னும் கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவர் காலமானது 1977இல். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைநிலைப் பொருள்களையும் தன் அதிகாரத்துள் கொண்டுள்ளது. ஆயுர்வேதப் பொருள்கள் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் வழி வருகின்றன. மஞ்சட் குளிசை எந்த வாசலால் வந்தாலும் அதன் போத்தலில் மூன்று செய்திகள் தமிழிலும் சிங்களத்திலும் இருந்தாக வேண்டும்: ஒரு குளிசையிலுள்ள குர்க்குமின் எத்தனை மில்லிகிராம், பைப்பரினோ உறிஞ்சலைக் கூட்டும் வேறு பொருளோ சேர்ந்துள்ளதா, ஈரல் நோயுள்ளவர் உண்ணலாமா என்பவை. தன் கூலியிலிருந்து பல நாள் சம்பளத்தைக் கொடுத்து வாங்கும் தொழிலாளிக்கு இவற்றைத் தன் மொழியில் அறியும் உரிமை உண்டு.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் முழங்கால் வலிக்கு இக்குளிசையைப் பயன்படுத்திப் பார்க்க விரும்புவோர், ஈரல், சிறுநீரக, பித்தப்பை நோய்களோ குருதிச்சோகையோ தமக்கில்லை என்பதை வைத்தியரிடம் உறுதி செய்துகொண்டு, பைப்பரின் சேராத வடிவத்தைத் தெரிந்து, நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் வலி குறையாவிடின் நிறுத்திவிடுவது தகும். சோதனைகள் நடந்த கால எல்லையும் அதுவே. ஈரற் பாதிப்பு பெரும்பாலும் உட்கொள்ளத் தொடங்கி ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள் தோன்றியிருக்கிறது. பசியின்மை, ஓங்காளம், அசாதாரணக் களைப்பு, சாயத் தேநீர் நிறத்தில் சிறுநீர், உடலெங்கும் அரிப்பு, கண்ணில் மஞ்சள் ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே குளிசையை நிறுத்திவிட்டு, பசறை வைத்தியசாலைக்கோ பதுளைப் போதனா வைத்தியசாலைக்கோ போத்தலையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். நோயாளர் மஞ்சளை மருந்தாக எண்ணாததால் வைத்தியர் கேட்டாலும் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு, அதனால் நோயின் காரணம் அறியப்படாமலே போகிறது. நேரத்தோடு நிறுத்தியவர்களுட் பெரும்பாலோர் சில மாதங்களில் முழுமையாகத் தேறியுள்ளனர்.